ஜன்னலில் செருகிய ஆப்பு

அவசரத்தில் வருகிற கிராக்கியை அரை மைல் தூரத்திலேயே மோப்பம் பிடித்துவிடுவான் வியாபாரி. மார்வெல்லா ஓக்ஸ் அந்தச் சிரமத்தைக்கூட அவனுக்கு வைக்கவில்லை. நேற்றே தனியாக வந்து, எல்லாவற்றையும் தன் வாயாலேயே கொட்டிவிட்டுப் போயிருந்தாள்.

"அவன்கிட்ட என்னதான் சொன்னீங்க?" என்று கேட்டேன், காரைப் பாலைவனத் தூசிக்குள் நிறுத்திக்கொண்டே.

"உள்ளதைத்தான் சொன்னேன் ரூடி. என் வீட்டுக்காரருக்கு நுரையீரல் போயிடுச்சு. ஃபீனிக்ஸ்ல ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துலயே குடியிருந்தாத்தான் மாற்று நுரையீரலுக்குப் பேரைச் சேர்ப்பாங்க. அங்க வாடகைக்கு வீடு எடுக்க எங்களுக்கு வக்கில்ல. ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி, வீட்டு வண்டிங்களை நிறுத்திக் குடியிருக்கற மோட்டார்ஹோம் பார்க்ல ஒரு இடம் இருக்கு. இன்னிக்குச் சாயங்காலம் ஆபீஸ் மூடுறதுக்குள்ள வண்டியோட போய் நிக்கலேன்னா, அடுத்த ஆளுக்குக் குடுத்துருவாங்க."

"இத்தனையும் சொன்னீங்களா?"

"ஆமா."

"கையில எவ்வளவு இருக்குன்னு?"

"முப்பத்தெட்டாயிரம் டாலர்னு… அவர் ரொம்ப அன்பாக் கேட்டாரு."

பின் சீட்டில் என் முதலாளி லோர்னா க்விஸ்ட் மெதுவாகக் கண்களை மூடித் திறந்தார். அவருக்குப் பக்கத்தில் மார்வெல்லாவின் கணவர் ட்வைட், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, ஒவ்வொரு மூச்சையும் கடன் வாங்குவதுபோல வாங்கிக்கொண்டிருந்தார்.

"அவ ஸ்கூல் பஸ் ஓட்டினவ. குழந்தைங்ககிட்ட பொய் சொல்லிப் பழக்கமில்ல" என்றார் அவர், மூச்சுக்கு நடுவே.

காணாமல் போன டிரெய்லர்களைத் தேடிக் கண்டுபிடிப்பது லோர்னாவின் தொழில். அதற்கு முன்பு இன்சூரன்ஸ் கம்பெனிக்காக, எரிந்த வண்டிகளின் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தவர். நானோ நோகாலஸ் எல்லைக் கடைத்தெருவில் போர்வை வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவன். 'அம்மா' என்று சொல்வதற்கு முன்பே 'கட்டாது' என்று சொல்லக் கற்றுக்கொண்டவன். எங்கள் இருவருக்கும் அன்று காலை மார்வெல்லா கொடுத்த வேலை ஒரே வரி: 'அவன் எதையோ மறைக்கிறான், என்னன்னு கண்டுபிடிங்க.'

"வேற வண்டி பார்க்கலாமே" என்றேன்.

"அந்தப் பார்க்ல பத்து வயசு தாண்டின வண்டியைக் கேட்டுக்குள்ளேயே விட மாட்டாங்க. இந்த ஊர்ல என் காசுக்கு வர்றதெல்லாம் என் பையனைவிட மூத்தது. இது ஒண்ணுதான் ஒன்பது வயசு."

ஜனவரியில் இந்தக் குவார்ட்ஸைட் ஊரில் காக்கை உட்கார இடம் கிடைக்காது. வடக்கே பனிக்குப் பயந்த பெரியவர்கள் எல்லாம் வண்டியோடு வந்து மணலில் இறங்கிவிடுவார்கள். அந்தக் கூட்டத்தின் நட்டநடுவில், கொடிகள் படபடக்க நின்றது 'சிரிக்கும் கள்ளி' மோட்டார்ஹோம் விற்பனை நிலையம். வாசலில் பலகை: 'எங்கள் வண்டிகள் நூறு இடங்களில் சோதிக்கப்பட்டவை.'

"வா தங்கம், வா!" என்று கைகளை விரித்துக்கொண்டு வந்தான் பாய்ட் லாசிட்டர். தொப்பி, வெள்ளிப் பக்கிள், கசங்காத சட்டை. "சொந்தக்காரங்களையும் கூட்டிட்டு வந்துட்டியா? ரொம்ப நல்லது. ஆனா பாரு, நேத்து நாற்பத்து நாலாயிரம் சொன்னேன். இன்னிக்கு நாற்பத்தாறு ஆயிடுச்சு."

"ராத்திரி என்ன, குட்டி போட்டுச்சா?" என்றேன்.

"இன்னொரு கிராக்கி வந்திருக்காருப்பா. நான் என்ன பண்ணட்டும்?"

வண்டியின் நிழலில் நின்றிருந்தார் அந்த இன்னொரு கிராக்கி. எழுபது வயதுக்கு மேல், ஒட்டிய கன்னம், மீன்பிடித் தொப்பி. பெயர் ஆர்லோ ஹூபர் என்றான் பாய்ட். மார்வெல்லாவை அவர் பார்க்கவில்லை. காருக்குள் இருந்த ட்வைட்டைப் பார்த்தார். பார்த்துவிட்டு, சூடுபட்டதுபோலத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"பாஸ், இது செட்டப்பு. எங்க சூயி மாமா பதினோரு வருஷம் எங்க கடையில ஒரே போர்வையை விலை ஏத்தி ஏத்தி வாங்கற மாதிரி நடிச்சாரு. செத்தப்போ அதைத்தான் போர்த்தி அனுப்பினோம்" என்று கிசுகிசுத்தேன்.

லோர்னா வண்டிக் கதவுக்குப் பக்கத்திலிருந்த வெளிச்சுவரைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இதுக்கு முன்னாடி யாரு வச்சிருந்தாங்க?"

"புளோரிடாவுல ஒரு வயசான ஜோடி" என்றான் பாய்ட், எச்சில் விழுங்காமல். "ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு மட்டும்தான் எடுப்பாங்க."

"இருபத்தெட்டு அடி வண்டியையா? பாவம் நிறையப் பண்ணியிருப்பாங்க போல" என்றேன்.

அவன் சிரித்துக்கொண்டே நகர்ந்ததும் லோர்னா என்னைச் சுவருக்கு இழுத்தார். வெயிலில் வெளுத்த பெயின்ட்டின் நடுவே, வெளுக்காமல் சில திட்டுகள். வாசல் பக்கத்தில் மாநிலம் மாநிலமாக ஒட்டும் வரைபடம் அங்கே இருந்திருக்கிறது. பாய்ட் அதை உரித்து எடுத்துவிட்டான், நிழல் மட்டும் தங்கிவிட்டது. எந்த மாநிலத்தில் ஓர் இரவாவது தூங்கினார்களோ, அந்த மாநிலத்தின் துண்டை மட்டும் ஒட்டுவார்கள். சும்மா கடந்துபோன மாநிலத்தை ஒட்டுகிறவனை எங்கள் ஊரில் பொண்டாட்டியை ஏமாற்றுகிறவனோடுதான் சேர்த்துப் பேசுவோம்.

"புளோரிடா இருக்கா?" என்றார் லோர்னா.

"அந்த மூலை சுத்தமா வெளுத்துக் கிடக்கு. மொண்டானா, வயோமிங், வடக்கு டகோட்டா… இவங்க என்ன, ஐஸ் வியாபாரமா பண்ணாங்க?"

"குளிருக்குப் பயப்படாத ஜோடி. சரி, உள்ள வா."

உள்ளே போனேன். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் துருத்திக்கொண்டிருந்த டிவி அலமாரி என் நெற்றியை வரவேற்றது. நான் வலியில் முன்னோர்களை அழைத்துக்கொண்டிருந்தபோது பின்னாலேயே ஆர்லோவும் ஏறினார். மார்வெல்லாவிடம் "இது உனக்கு வேணாம்மா, சின்ன வண்டி" என்று திரும்பிப் பேசிக்கொண்டே, பார்க்காமலேயே, அந்த அலமாரிக்குச் சரியாகத் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்.

லோர்னா என் வீங்கிய நெற்றியைப் பார்த்தார். ஆர்லோவின் நெற்றியையும் பார்த்தார். படுக்கை அறைக்குப் போனார்.

அங்கே ஜன்னல் முழுதாக மூடவில்லை. இடுக்கில் ஒரு மர ஆப்பு. ஏதோ கையில் கிடைத்த துண்டு இல்லை. உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கி, தொலையாமல் இருக்கக் கயிற்றால் கொக்கியில் கட்டியிருந்தார்கள். கட்டிலடியில் தரையில் நான்கு வட்டத் தழும்புகள், பக்கத்துச் சுவரில் பிளக் பாயின்ட் கருகியிருந்தது.

"கரண்ட் ஹீட்டரோட கால் தடம். இங்கேயே வருஷக்கணக்கா நின்னிருக்கு" என்றார் லோர்னா. "ரூடி, மொண்டானா குளிர்ல ஜன்னலைத் திறந்து வச்சுட்டு, காலடியில ஹீட்டரையும் வச்சுத் தூங்குறவன் யாரு?"

"குறட்டை விடுற பொண்டாட்டியை வெளியில தள்ள மனசு வராதவன்."

"வண்டியிலேயே நல்ல காஸ் ஹீட்டர் இருக்கு. அதை ஏன் போடல?"

எனக்கு அந்தக் கேள்வி காதில் ஏறவில்லை. வெளியே ஆர்லோ "நாற்பத்தாறரை" என்று சொல்வதும், மார்வெல்லா அழுகிற குரலில் "சார், என் தங்கச்சிகிட்ட கேட்டுப் பார்க்கிறேன் சார்" என்பதும்தான் ஏறியது. செட்டப் ஆளை வைத்து ஒரு பஸ் டிரைவரின் ரத்தத்தை உறிஞ்சுகிறான் ஒருத்தன். போர்வைக்காரன் ரத்தம் கொதிக்காதா?

இறங்கிப்போய் அவள் முழங்கையைப் பிடித்தேன். "வாங்கக்கா, போலாம். கடையை விட்டு இறங்கினாத்தான் விலை இறங்கும். கார் கதவைத் தொடுறதுக்குள்ள கூப்பிடுவான் பாருங்க."

கார் கதவைத் தொட்டோம். கூப்பிடவில்லை.

கதவைத் திறந்தோம். பின்னால் ஆர்லோவின் குரல் கேட்டது: "நாற்பத்தேழு. இப்பவே செக் தர்றேன். சாவியைக் குடு."

"ஆபீஸுக்கு வாங்க சார்!" என்றான் பாய்ட்.

மார்வெல்லா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. காருக்குள்ளிருந்து ட்வைட் கையை நீட்டி அவள் தலைமேல் வைத்தார். "போகட்டும் விடு, மார்வி" என்றார். அது வண்டியைப் பற்றிச் சொன்னதாக எனக்குப் படவில்லை.

லோர்னா வந்து என் முன்னால் நின்றார். திட்டுவார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன்.

"உங்க சூயி மாமா அந்தப் பதினோரு வருஷத்துல எத்தனை தடவை பர்ஸைத் திறந்தாரு?"

"ஒரு தடவைகூட…" பாதியில் நிறுத்தினேன். ஆர்லோ செக் புத்தகத்தைக் கையிலேயே எடுத்துவிட்டார்.

"அப்போ அவர் செட்டப்பு இல்ல. நிஜமா வாங்க வந்தவர். இடிக்காம குனியத் தெரிஞ்சவர். அவசரத்துல அண்டாவுக்குள்ளகூட கை போகாதுடா ரூடி. வா."

ஆபீஸ் கூடாரத்தின் வாசலில் ஆர்லோவைப் பிடித்தோம். பேனா மூடி அவர் பல்லில் இருந்தது. பாய்ட் உள்ளே சாவியைத் தேடிக்கொண்டிருந்தான்.

"மிஸ்டர் ஹூபர், ஒரே ஒரு கேள்வி" என்றார் லோர்னா, தணிந்த குரலில். "அந்த ஆப்பை இழைச்சது நீங்களா, உங்க மனைவியா?"

பேனா மூடி கீழே விழுந்தது. 

"நான்தான்" என்றார். "பெக் தூங்கிட்டிருந்தா. நான் மீன் பிடிக்கப் போயிருந்தேன். குளிர்காலம் பூரா ரெண்டு பேருக்கும் தலைவலி. வயசாயிடுச்சுன்னு நெனச்சோம். திரும்பி வந்து எழுப்பினா எந்திரிக்கல. பனியில இழுத்துப் போட்டேன்மா, கோணியை இழுக்கற மாதிரி. முழிச்சுட்டா. அந்த காஸ் ஹீட்டருக்குள்ள எங்கேயோ விரிசல். விஷவாயு உள்ளேயே வருது. வாசனை கிடையாது, ஒண்ணும் கிடையாது. அன்னிலேர்ந்து ஜன்னலை மூடினதே இல்ல."

"அப்புறம் இவன்கிட்ட வித்தீங்க."

"ஹீட்டர் அருமையா ஓடுதுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்து வித்தேன். இருபத்திரண்டாயிரத்துக்கு." அவர் காரைப் பார்த்தார். "நேத்து பான்கேக் கடையில எல்லாரும் பேசிட்டிருந்தாங்க, நுரையீரல் போன ஒருத்தரு அதுல குடியிருக்கப் போறாருன்னு. பெக் தட்டைத் தள்ளி வச்சுட்டா. 'அதைத் திரும்ப வாங்காம வீட்டுப் பக்கம் வராதே'ன்னுட்டா. எங்க கடைசிக் காலத்துக்கு வச்ச காசு இது. வாங்கி, நேரா பழைய இரும்புக்குப் போடப் போறேன்."

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே பெரியவரே!" என்றேன்.

"கையெழுத்துப் போட்டிருக்கேனே தம்பி. பயம்."

அந்தப் பயத்தில் அவர் ஏற்றிய ஒவ்வொரு ஐந்நூறும் மார்வெல்லாவின் கழுத்தில் ஏறியிருக்கிறது. அவளைக் காப்பாற்றத்தான் வந்திருக்கிறார், பாவி மனுஷன்!

"செக்கைக் கிழிங்க" என்றார் லோர்னா. "ரூடி, எல்லாரையும் கூப்பிடு."

பாய்ட் சாவியோடு வெளியே வந்தபோது நாங்கள் வண்டியைச் சுற்றி நின்றிருந்தோம். மார்வெல்லாவும் எழுந்து வந்திருந்தாள். விஷயத்தை அவள் காதில் போட்டுவிட்டேன். முகம் சுண்ணாம்பு.

"பாய்ட், ஹீட்டரைப் போடு" என்றார் லோர்னா.

"என்ன தங்கம், கிண்டலா? மண்டை பிளக்குது வெயில். ஏசியைப் போட்டுக் காட்டறேன், மொண்டானா மாதிரி இருக்கும்."

அதுதான் இந்த ஊரின் கண்மூடித்தனம். பாலைவனத்தில் வண்டி வாங்குகிறவன் ஏசியைத்தான் போட்டுப் பார்ப்பான். விற்கிறவனும் ஏசியைத்தான் போட்டுக் காட்டுவான். ராத்திரி பல் கிட்டிக்கிற குளிர் வரும் என்று பகலில் யாருக்கு ஞாபகம்?

"வெளியில பலகை வச்சிருக்கியே, நூறு இடத்துல சோதிச்சதுன்னு. அதுல ஹீட்டர் எத்தனாவது?" என்றார் லோர்னா.

பாய்ட் வாயைத் திறந்தான். எண் ஒன்றும் வரவில்லை. நான் பார்த்த அளவில் அவன் முகத்தில் இருந்தது நிஜமான குழப்பம். அப்போதுதான் எனக்கு உறைத்தது: இவன் மறைத்தது புளோரிடாவை மட்டும்தான். ஹீட்டர் விஷயம் இவனுக்கே தெரியாது!

வண்டி வாங்குகிறவர்களுக்கு அவன் இலவசமாகத் தரும் விஷவாயு அலாரம் மேஜைமேல் குவிந்து கிடந்தது. லோர்னா அதில் ஒன்றைப் பிரித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்க் கட்டில்மேல் வைத்தார். ஆப்பை உருவி ஜன்னலை மூடினார். ஹீட்டர் சுவிட்சைத் தட்டினார். வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

நின்றோம். பாய்ட் சிரித்தான். ஜோக் ஒன்று சொன்னான். இன்னொன்றை ஆரம்பித்தான்.

அலாரம் அலறியது.

காதைக் கிழிக்கிற அந்தச் சத்தத்தில் எதிர் வரிசையில் வண்டி பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஜோடி திரும்பியது. அவர்களுக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர்.

"நிறுத்து, நிறுத்து அதை!" என்றான் பாய்ட்.

"உள்ளே போய் நிறுத்திக்கோ" என்றார் லோர்னா. "நான் மாட்டேன்."

அவனும் மாட்டான். கதவருகே போனான், திரும்பி வந்தான். வெளியே காஸ் சிலிண்டர் பெட்டியில் வால்வு இருப்பது ஞாபகம் வந்து அந்தப் பக்கம் ஓடினான். அந்தப் பெட்டியின் மூடிமேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு ஆர்லோ நின்றிருந்தார்.

"கொஞ்சம் நகருங்க சார்!"

"ஆ?" என்றார் ஆர்லோ, காதில் கையை வைத்து. திடீரென்று அவருக்குக் காது சுத்தமாகக் கேட்கவில்லை.

"சரி! சரி! ஹீட்டரை நானே மாத்தித் தர்றேன்" என்று கத்தினான் பாய்ட். பிறகு அவன் கண் மார்வெல்லாவிடம் போனது. வியாபாரி வியாபாரிதான், எரிகிற வீட்டிலும் கதவுக் கொக்கிக்கு விலை சொல்வான். "புது ஹீட்டர் டூசான்லேர்ந்து வரணும். அடுத்த வாரம் வண்டி ரெடி. ஆனா தங்கம், உனக்குத்தான் சாயங்காலத்துக்குள்ள வேணுமே?"

மார்வெல்லாவின் உதடு அசைந்தது. கெஞ்சப் போகிறாள் என்று தெரிந்தது. நான் முந்திக்கொண்டேன். ஒரு தடவை அவளைக் கவிழ்த்தவன் நான்தானே.

"யாருய்யா ஹீட்டர் கேட்டா? பார்க்ல கரண்ட் இருக்கு. இந்த ஹீட்டரைக் கழட்டி எறிஞ்சுட்டு, காஸ் குழாயை உன் மெக்கானிக் இங்கேயே அடைச்சுக் குடுக்கட்டும். காபி குடிக்கிற நேரத்து வேலை. ரெண்டு கரண்ட் ஹீட்டரை வச்சு அவங்க ராஜா மாதிரி தூங்குவாங்க. விலையைச் சொல்லு."

"முப்பத்தெட்டு. அவங்ககிட்ட இருக்கறதே அவ்வளவுதானே."

"நீ வாங்கினது இருபத்திரண்டு" என்றேன்.

அவன் ஆர்லோவை முறைத்தான். "பொய்க் கையெழுத்துப் போட்ட உன்னைக் கோர்ட்டுக்கு இழுக்கறேன் பாரு!"

"இழு" என்றார் லோர்னா. "அவர் ஒரு பொய் சொன்னாரு. நீ நூறு இடம்னு பலகையே வச்சிருக்க. ஜட்ஜ் ரெண்டையும் படிப்பாரு. இன்னிலேர்ந்து உனக்கும் தெரியும், இவங்க அத்தனை பேருக்கும் தெரியும். தெரிஞ்சே வித்தா அதுக்குப் பேரு வியாபாரம் இல்ல."

"முப்பத்திநாலு."

லோர்னா பதில் சொல்லவில்லை. என்னையும் பார்வையால் அடக்கினார். நோகாலஸில் இதைத்தான் முதல் பாடமாகச் சொல்வார்கள்: விலை சொன்ன பிறகு முதலில் வாயைத் திறக்கிறவன் தோற்றான். நாங்கள் நான்கு பேரும் ஊமையாக நின்றோம். வண்டி மட்டும் அலறிக்கொண்டே இருந்தது. எதிர் வரிசை ஜோடி, தாங்கள் பார்த்துக்கொண்டிருந்த வண்டியின் கதவைச் சாத்திவிட்டு, தங்கள் காரை நோக்கி நடக்க ஆரம்பித்தது.

"முப்பது!" என்றான் பாய்ட். அலாரம் அலறியது. இன்னொரு குடும்பம் நகர்ந்தது. "அடப் பாவிங்களா, நீங்களே சொல்லித் தொலைங்க!"

லோர்னா மார்வெல்லாவைத் திரும்பிப் பார்த்தார். "உங்க வண்டி. நீங்க சொல்லுங்க."

அவள் கையைப் பிசைந்தாள். காரைப் பார்த்தாள். அதற்குப் பிறகு வந்த குரல், நாற்பது பிள்ளைகள் இருக்கிற பஸ்ஸில் ஒரே சொல்லில் அமைதி கொண்டுவருகிற குரல்.

"இருபத்தேழு. குழாயை அடைச்சு, கோளாறைப் பில்லுலயே எழுதித் தரணும். என்னைத் தங்கம்னு கூப்பிடறதை நிறுத்தணும்."

நான் இன்னும் இரண்டைக் குறைக்கலாமே என்று லோர்னா காதில் முணுமுணுத்தேன். "அவனுக்கும் லாபம் இருக்கணும்டா" என்றார். "நஷ்டத்துல விக்கிறவன் ஒரு ஸ்க்ரூவைக் கழட்டிக்கிட்டுத்தான் அனுப்புவான்."

பாய்ட் தொப்பியைக் கழற்றினான். மாட்டினான். "எடுத்துக்கோ… எடுத்துக்கோங்க மேடம்."

அந்த நொடியே ஆர்லோவுக்குக் காது கேட்டுவிட்டது. நகர்ந்து, பெட்டியைத் திறந்து, பார்க்காமலேயே உள்ளே கைவிட்டு வால்வைத் திருகினார். கொஞ்ச நேரத்தில் அலறல் அடங்கியது. பாலைவனம் திரும்பி வந்தது.

வேலை முடிந்து வண்டி புறப்படும்போது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. மார்வெல்லா மோட்டார்ஹோமை பஸ் மாதிரியே ஓட்டினாள். கண்ணாடியை மூன்று முறை பார்க்காமல் தடம் மாற்றவில்லை. பின்னால் காரில் நான் ஸ்டியரிங்கைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தேன். ஃபீனிக்ஸில் பார்க் ஆபீஸில் ஒரு பெண்மணி சாவிக்கொத்தோடு கதவைப் பூட்ட வந்துகொண்டிருந்தபோது வண்டி கேட்டுக்குள் மூக்கை நுழைத்தது. அவள் எங்களைப் பார்த்தாள். வண்டியின் வயதைப் பார்த்தாள். பூட்டின் மேலிருந்த கையை எடுத்துவிட்டு, பேனாவைத் தேடினாள்.

கிளம்பும்போது லோர்னா படுக்கை அறைக்குப் போய், தான் உருவிய ஆப்பை மறுபடி ஜன்னலில் செருகினார்.

"ஹீட்டரைத்தான் கழட்டியாச்சே பாஸ்?"

"கழட்டினது யாரு? பாய்டோட மெக்கானிக். இருக்கட்டும்."

மறுநாள் காலை காபி கொதிக்கும்போது போன் அடித்தது. லோர்னா எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். பின்னணியில் ஆக்சிஜன் கருவி புஸ் புஸ் என்றது.

"ராத்திரி ஒரே குளிருங்க" என்றாள் மார்வெல்லா. "ட்வைட் மூடு மூடுன்னு கத்தினாரு. நான் ஜன்னலைத் தொடவே இல்ல." கொஞ்சம் நிறுத்தினாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "காலையில ரெண்டு பேரும் முழிச்சிட்டோம்."